புலியின் வயிறு ஆடவில்லை

786

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
6 ஏப்ரல் 1937

என் அருமை மகள் கைசர் ஜஹானுக்கு அத்தா கரீமுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி ஹபீபு, ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன், மூன்று பேரும் அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். அங்கே ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை உமர் ஃபாரூக்கும் குழந்தை ஜைதூனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்திக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உறையைப் பிரித்ததுமே கையெழுத்தைப் பார்த்து நீ பதறியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ கப்பலேறிய இந்த நாலு வருஷமும் நான் சொல்லச் சொல்ல உன் தம்பிதான் எழுதுவான், முத்து முத்தாக இருக்கும், இது கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இது என் கைதான். அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது, அதனால்தான் அத்தா பேனாவை எடுத்திருக்கிறார் என்று உன் மனசு ஓடும், ஓட வேண்டாம், அவன் நன்றாக இருக்கிறான். இந்த நிமிஷம் தியாகராய நகரில் ஒரு வக்கீல் வீட்டுக்குக் கோட்டு கொடுக்கப் போயிருக்கிறான். சைக்கிளில் போகாதே, டிராமில் நெரிசலாக இருந்தால் ஏறாதே, மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் நடக்காதே என்று நான் வாசல் வரை வந்து கத்தினதற்கு, அப்போ பறந்துதான் போகணும் அத்தா என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் கடையில் இல்லாத நேரமாகப் பார்த்துத் துணி வெட்டுகிற பலகையில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், செருப்புச் சத்தம் கேட்டால் தைக்க வந்த துணிக்கு அடியில் சொருகிவிடுகிறேன். இப்படி எழுத ஆரம்பித்து இன்றோடு நாலு நாள். அவனிடம் நான் சொல்லாத ஒன்று இதில் இருக்கிறது, அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம்.

அவசரம் ஏனென்றால் நம் தெரு ஷரீஃப் போன வெள்ளிக்கிழமைக் கப்பலில் ரங்கூனுக்குத் திரும்பிவிட்டான். அவன் வாய் உனக்குத் தெரியாததில்லை. முஹர்ரம் பத்தாம் நாள் நடந்ததைக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பாதிதான் பார்த்தான், மீதியை அவனே தைத்து முடித்திருப்பான். உன் அத்தா கையாலே உன் தம்பியைச் சாகடித்துவிட்டார், அப்புறம் எப்படியோ பிழைத்துக்கொண்டான் என்று உன்னிடம் வந்து சொல்லியிருந்தால், மகளே, அவனைப் பொய்யன் என்று நினைத்துவிடாதே. அவன் சொன்னது உண்மைதான். அதை என் வாயால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடுதாசி.

போன ஐப்பசி மழையில் குழந்தைக்கு டைபாய்டு என்று உன் தந்தி வந்ததல்லவா, அன்றைக்கே உன் அம்மா, பேத்தி பிழைத்து எழுந்தால் இந்த முஹர்ரத்துக்கு ஹபீபு புலி வேஷம் கட்டுவான் என்று ஊர்வலத்தில் வருகிற பஞ்சா வெள்ளிக் கைக்கு நேர்ந்துகொண்டாள். உனக்கு எழுதவில்லை, எழுதினால் நீ வேண்டாம் என்பாய், பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வருஷாவருஷம் இதெல்லாம் மார்க்கத்தில் இல்லாதது என்று என்னைக் கண்டிப்பவர்தான், நான் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே புலியாட்டக் கம்பைத் துடைத்து எண்ணெய் போடுவேன், என் புத்தி அப்படி. குழந்தை பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ், சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே என்று உன் தம்பியும் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டான் என்ன, குதித்தான். பதினெட்டு வயது, அதிலும் நம் தெருவின் வேட்டைக்காரன் இருபது வருஷமாக நான்தான், அத்தாவும் பிள்ளையும் ஒரே ஆட்டத்தில் இறங்குவது இதுதான் முதல் தடவை. குழந்தையின் பேரில் நேர்ந்ததால் இப்படி ஆயிற்று என்று மட்டும் நீ உன்மேல் போட்டுக்கொள்ளாதே, உன் அம்மா தன்மேல் போட்டுக்கொள்கிறாள், நான் என்மேல் போட்டுக்கொண்டிருக்கிறேன், இந்த வீட்டுக்கு அது போதும்.

ஆட்டம் உனக்குத் தெரியாததா, சின்ன வயதில் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்தவள்தானே. தப்பட்டை வேகம் எடுக்கும், புலி மூன்று தரம் பாயும், வேட்டைக்காரன் மூன்று தரமும் விலகுவான், நாலாவது பாய்ச்சலில் கம்பு நுனியால் புலியின் நெஞ்சில் ஒரு குத்து, புலி உறுமிக்கொண்டு புரண்டு கை காலைத் தூக்கிச் செத்துப்போகும். வேட்டைக்காரன் மீசையை முறுக்கிக்கொண்டு அதைச் சுற்றி மூன்று சுற்று ஆடுவான். அதற்கப்புறம் பஞ்சா வந்து மயிலிறகால் தடவினால்தான் புலி எழுந்திருக்க வேண்டும், அதோடு நேர்ச்சை தீர்ந்தது. அந்த மூன்று சுற்றும் புலி செத்தது போலக் கிடக்க வேண்டுமே தவிர, காலையிலிருந்து ஆடின உடம்பு, வயிறு துருத்தி போல ஏறி இறங்கும், செத்த புலிக்கு மூச்சு வாங்குது என்று பிள்ளைகள் கத்திக் கேலி செய்யும், நீயும் கத்தியிருக்கிறாய். இதை ஏன் விளக்கமாக எழுதுகிறேன் என்றால், விழுந்த புலியைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, கைதட்டத்தான் தோன்றும், அதை நீ மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

கம்பு நுனியில் மாட்டுகிற பந்தை வருஷாவருஷம் நானே தைப்பேன், உள்ளே இலவம்பஞ்சுதான் வைப்பேன், அடி பட்டால் தலையணை பட்ட மாதிரி இருக்கும். இந்த வருஷம் பழைய பந்து எலி கடித்துப் போயிருந்தது. வேலை நெருக்கடியில் பஞ்சு வாங்கப் போகச் சோம்பல், கடையில் கோட்டுத் துணி வெட்டின துண்டுகள் குவிந்து கிடந்தன, அதையே திணித்துத் திணித்து, தையற்காரன் புத்தி, சுருக்கமே இல்லாமல் உருண்டையாக வர வேண்டும் என்று இறுக்கித் தைத்துவிட்டேன். ஹபீபு அதைக் கையில் உருட்டிப் பார்த்து, இன்னா அத்தா, கிரிக்கெட் பந்து மாதிரி கீது என்றான். தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து அவன் பேச்சு இப்படித்தான் ஆகிவிட்டது. புலிக்குத் தோல் தடிப்புடா என்று சொல்லி நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது எனக்கு நினைவு வரும்போதெல்லாம் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பத்தாம் நாள் சாயங்காலம் நாலரை மணி இருக்கும். விடியற்காலை முதல் உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, கறுப்புக் கோடு போட்டு, மீசை ஒட்டி, வால் கட்டி, ஆளை அடையாளமே தெரியவில்லை, உன் அம்மா கூட ஒரு வினாடி பார்த்துவிட்டு இது என் பிள்ளையா என்றாள். அவள் நாலு வீடு தள்ளி மெஹபூப் பாஷா வீட்டு மாடியில் பெண்களோடு தட்டிக்குப் பின்னால் இருந்தாள். அடையாற்றங்கரைக் குப்பத்திலிருந்து வருஷாவருஷம் வருகிற வடிவேலுதான் தப்பட்டை, அவன் பெண்சாதி தேவானை தீச்சட்டி பிடித்துத் தப்பட்டைத் தோலைக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை என்ன ஆட்டம் ஆடினான் தெரியுமா, எனக்கே பெருமை தாங்கவில்லை. மூன்று பாய்ச்சலும் விலகினேன். நாலாவதில் குத்தினேன். ஓங்கிக் குத்தவில்லை கைசர், குர்ஆன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், எப்போதும் குத்துகிற அதே குத்து, அதைவிட மெதுவாகத்தான் இருக்கும், என் பிள்ளை அல்லவா. இடப்பக்கம், முலைக்காம்புக்குச் சற்று உள்ளே பட்டது. டப் என்று ஒரு சத்தம். உறுமவில்லை அவன். என்னை நிமிர்ந்து பார்த்தான், என்ன அத்தா என்று கேட்பது போல ஒரு பார்வை. இரண்டு எட்டு முன்னால் வைத்தான். பிறகு முழங்கால் மடங்கி, கையை ஊன்றாமல், அப்படியே சாய்ந்தான்.

ஜனங்கள் கைதட்டினார்கள். இதுவரைக்கும் பார்த்த புலிகளிலேயே இதுதான் நிஜமாகச் செத்தது என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். அடுத்ததை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் ஆடினேன். கம்பைத் தலைக்கு மேல் தூக்கி மீசையை முறுக்கிக்கொண்டு, கீழே உயிர் போய்க்கொண்டிருந்த என் பிள்ளையைச் சுற்றி ஆடினேன். ஒரு சுற்று முழுசாக ஆடி முடித்தேன். தப்பட்டை நின்றுவிட்டது. என்னடா என்று திரும்பினால் வடிவேலு குச்சியைக் கீழே போட்டுவிட்டு, பாய், புலி வவுறு ஆடல பாய், பாத்துக்கினே நிக்கிறியே, வவுறு ஆடல என்றான். அப்போதுதான் பார்த்தேன். மஞ்சள் பூசின வயிறு பலகை மாதிரி இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, வாயோரம் மட்டும் ஒரு தரம் மீன் போல இழுத்தது. குனிந்து மூக்கில் விரல் வைத்தேன், காற்று இல்லை. நெஞ்சில் காது வைத்தேன், என் காதுக்குள் என் இரத்தம்தான் இரைந்தது. ஹபீபு ஹபீபு என்று கூப்பிட்டேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜனங்கள் அப்போதும் ஆட்டம் என்றே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்ததுதான்.

தேவானை தீச்சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுக்கு இன்னொரு வேலை உண்டு, சாவு வீடுகளில் முன்னால் உட்கார்ந்து மாரடித்து அழுவாள், அவள் அழுதால் அயல் தெருவுக்கும் அழுகை வரும். பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள், செத்துவிட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. ஐயோ எங்க நைனா, பூட்டியாடா என் ராசா என்று அலறிக்கொண்டு அவன்மேல் விழுந்து, தன் மாரில் ஒன்று அவன் மாரில் ஒன்று என்று இரண்டு கையையும் முஷ்டி பிடித்து ஓங்கி ஓங்கி அறைந்தாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிற்று, என் பிள்ளை சாகவில்லை, அதற்குள் என்ன ஒப்பாரி என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னை உதறிவிட்டு மறுபடி ஒரு அறை அறைந்தாள், இடப்பக்கம், நான் குத்தின இடத்துக்குப் பக்கத்திலேயே. அந்த அறையில் அவன் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கிற்று. கிணற்றுக்குள்ளிருந்து வாளி மேலே வருகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தான். வயிறு ஏறிற்று. இறங்கிற்று. மறுபடி ஏறிற்று. அதற்குள் பஞ்சா வந்து சேர்ந்தது, மயிலிறகால் தடவினார்கள், புலி கண்ணைத் திறந்து வாந்தி எடுத்தது, ஜனங்கள் மறுபடி கைதட்டினார்கள். அவன் விழுந்தது முதல் இது வரை நூறு எண்ணியிருந்தால் முடிந்திருக்காது என்கிறான் வடிவேலு. எனக்கு அது ஒரு ஆயுசு.

ஒரு ஜட்காவில் போட்டு லஸ் முனையில் டிஸ்பென்சரி வைத்திருக்கிற டாக்டரிடம் கொண்டுபோனோம், அவருக்கு ஆறு வருஷமாகக் கோட்டு தைப்பது நான்தான். அவர் குழாயை நெஞ்சில் வைத்தால் சாயம் ஒட்டிக்கொண்டு வந்தது, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தார், மஞ்சளுக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சிவப்பு, அவ்வளவுதான், எலும்பு முறியவில்லை, தோல் கிழியவில்லை. என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் கேட்டார். கம்பைக் கொண்டுவரச் சொல்லிப் பந்தை அமுக்கிப் பார்த்தார், அவர் முகம் மாறினதைப் பார்த்தேன். பிள்ளையை உள்ளே படுக்கவைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு உட்காரவைத்தார். பலமான அடியா என்று நான்தான் கேட்டேன். பலத்தில் இல்லை கரீமுல்லா, நேரத்தில் இருக்கிறது என்றார். உன் மெஷினில் ஊசி இறங்கி ஏறுகிறதே, அந்த நடுவில் ஒரு நொடி, சரியாக அந்த நொடி பார்த்து யாராவது சக்கரத்தைப் பின்பக்கம் தட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அடியில் நூல் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும், மெஷின் நடுங்கும், தையல் விழாது என்றேன். இருதயமும் அப்படித்தான், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் கண்ணிமைப்பதில் பத்தில் ஒரு பங்கு போல ஒரு நேரம் இருக்கிறது, சரியாக அந்த நேரத்தில் சரியாக அந்த இடத்தில் கடினமான ஒன்று பட்டுவிட்டால், ஒரு குறையுமில்லாத இருதயமும் துடிப்பதை விட்டுவிட்டு நடுங்க ஆரம்பித்துவிடும், நடுங்குகிற இருதயம் இரத்தத்தைத் தள்ளாது, ஆள் இரண்டு எட்டு நடந்து விழுந்துவிடுவான் என்றார். இரண்டு எட்டு என்று அவர் வாயிலிருந்து வந்ததும் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன், நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை. அவர் படிக்கிற காலத்தில் மைதானத்தில் பந்து நெஞ்சில் பட்டு விழுந்த ஒரு மாணவனைப் பார்த்தாராம், சீமையில் டாக்டர்கள் முயல்களை வைத்து இதைச் சோதித்து எழுதியும் இருக்கிறார்களாம். அந்த மாணவன் என்ன ஆனான் என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

தேவானை அடித்ததால்தான் பிழைத்தானா என்றும் கேட்டேன். அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அதை வைத்தியம் என்று எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் விழுந்தவனை அறைய ஆரம்பித்துவிடாதீர்கள், ஆயிரத்தில் ஒன்று இப்படித் திரும்பும், மீதி திரும்பாது என்றார். ஒரு அடியில் நின்றது இன்னொரு அடியில் ஓடியிருக்கிறது. கொல்ல நினைக்காதவன் அடித்தது கொன்றது, செத்தவனுக்கு அழ வந்தவள் அடித்தது பிழைக்க வைத்தது. இது எப்படி என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன், அவர் அன்றைக்கு என்னைத் திட்டவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து துஆ மட்டும் செய்தார். தேவானையைப் பிடித்து இழுத்ததற்கு அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன், உன் அம்மா ஒரு புதுச் சேலையும் அனுப்பியிருந்தாள். இன்னா பாய் இது, நான் அழத்தான வந்தேன், எனக்கு இன்னா தெரியும் என்று வாங்க மாட்டேன் என்றாள், பிறகு வாங்கிக்கொண்டு அவளும் அழுதாள்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். அங்கே ஒரு மெஷின் இருக்கிறது, கையிலும் காலிலும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றிக் கம்பி மாட்டினால் இருதயம் தானாகவே காகிதத்தில் கோடு போடுகிறது. அந்தக் காகிதத்தை எனக்கும் காட்டினார்கள், எனக்கு அதில் என்ன தெரியும், ஆனால் முப்பது வருஷம் தையல் பார்த்த கண், இழை தப்பாமல் ஒரே சீராகப் போயிருந்தது. ஒரு கோளாறும் இல்லை, கல்யாணம் செய்யலாம், ஓடலாம், ஆடலாம் என்றார்கள். மறுபடி வருமா என்று கேட்டேன். வர வேண்டிய காரணம் இல்லை, ஆனால் யாருடைய நெஞ்சுக்கும் நான் சத்தியம் செய்து கொடுக்க முடியாது என்றார் அந்த டாக்டர். அவர் சொன்னதில் முன்பாதியை உன் அம்மா பிடித்துக்கொண்டாள், பின்பாதி என்னைப் பிடித்துக்கொண்டது.

பயந்தவன் இல்லை நான், உனக்குத் தெரியும். இப்போது எல்லாவற்றுக்கும் பயமாக இருக்கிறது. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடினால் போய் விரட்டுகிறேன், என்னைப் பைத்தியக்காரன் என்கிறார்கள். அவன் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தால் தைக்கிற தையலை நிறுத்திவிட்டு வயிறு ஆடுகிறதா என்று பார்க்கிறேன். அவன் கண்ணைத் திறக்காமலே, ஆடுது அத்தா, தைங்க என்கிறான். கதவு அவன்மேல் மோதினால், யாராவது சிரித்துக்கொண்டே அவன் மார்பில் தட்டினால், எனக்கு உயிர் ஒரு தரம் போய்த் திரும்புகிறது. இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. கடைக்கு வருகிறவர்களுக்கு மார்பளவு எடுக்க என்னால் முடியவில்லை. தோள், கை, உயரம் எல்லாம் எடுக்கிறேன், நாடாவை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டை விரலை நெஞ்சின்மேல் வைக்கிற இடத்தில் கை விறைத்துப்போகிறது. ஹபீபைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லிவிட்டு நான் நோட்டில் எழுதுவதாகப் பாவனை செய்கிறேன். அவனுக்கே ஒரு சட்டை தைத்தேன், அளவெடுக்காமல் கண் மதிப்பில் வெட்டினேன், போட்டுப் பார்த்தால் பொத்தான் இழுக்கிறது. முப்பது வருஷத் தொழிலில் முதல் தடவையாக ஒரு சட்டை கெட்டுப்போனது, அதுவும் என் பிள்ளையின் சட்டை. அவன் அதையே மேல் பொத்தானைப் போடாமல் போட்டுக்கொண்டு திரிகிறான். அவனை நான் தொட்டுப் பதினான்கு நாள் ஆகிறது மகளே.

அவனுக்கு எதுவும் நினைவில்லை. காலையில் சாயம் பூசினது வரைக்கும் தெரிகிறதாம், அதற்கப்புறம் டிஸ்பென்சரி விசிறிதான். வெயிலும் வெறும் வயிறும் சேர்ந்து மயக்கம் போட்டுவிட்டது என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், உன் அம்மாவையும் சொல்லவிடவில்லை. என் கம்பு பட்டுத்தான் நீ விழுந்தாய், பஞ்சு வாங்கச் சோம்பல்பட்டு நான் தைத்த பந்து பட்டுத்தான் விழுந்தாய், நீ கிடந்தபோது உன்னைச் சுற்றி நான் ஆடினேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வேன். வாயைத் திறந்தால் துணி மடிப்பதைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு மூடிக்கொள்கிறேன். உன்னிடம் சொல்லிவிட்டேன், நீ எட்டாத தூரத்தில் இருப்பதால் சொல்ல முடிந்தது. பக்கத்தில் இருக்கிறவனிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். குழந்தையை விளையாட்டுக்குக்கூட நெஞ்சில் தட்டவேண்டாம், மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு, கோபித்துக்கொள்ளாமல் அதை நிறுத்தச் சொல், நான் சொன்னதாகவே சொல். உங்கள் ஊர் இந்த மாசம் முதல் தனி தேசமாகிவிட்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், தபால் முன்போல் சீக்கிரம் வருமோ வராதோ, ஆகையால் இதைப் பார்த்ததும் இரண்டு வரியாவது எழுது. ஜைதூன் நடக்கிறாளா, அவள் வயிறு சரியாக இருக்கிறதா எழுது. உன் அம்மா நேர்ச்சை தீர்ந்துவிட்டது என்கிறாள், அடுத்த வருஷமும் ஆடுவேன் என்று உன் தம்பி வாய் பேசுகிறான், நீ பெரியவள், வேண்டாம் என்று அவனுக்கு உறைக்கும்படி எழுது. கம்பை நான் ஒடித்து அடுப்பில் வைத்துவிட்டேன். பந்து மட்டும் இருக்கிறது, எரிக்க மனசு வரவில்லை, பெட்டியில் என் கண்ணில் படும்படி வைத்திருக்கிறேன்.

எழுதி முடித்தபின் ஒன்று தீர்மானித்தேன். உறையை ஒட்டப் போவதில்லை. தபாலில் போட்டுவிட்டு வா என்று அவன் கையிலேயே திறந்தபடி கொடுக்கப் போகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அவன் படிக்காமல் இருக்கமாட்டான், படிக்கட்டும். வாயால் வராதது இப்படியாவது போய்ச் சேரட்டும். இதற்குக் கீழே அவன் கையெழுத்து இருந்தால் அவன் என்னோடு பேசுகிறான் என்று தெரிந்துகொள், இல்லாவிட்டால் எனக்காக நீ அவனிடம் பேசு.

அல்லாஹ் உன்னையும் உன் குடும்பத்தையும் எல்லா அடியிலிருந்தும், கெட்ட நேரத்திலிருந்தும் காப்பாற்றட்டும். ஐந்து வேளையும் தொழு, உன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேள், இடம் மிச்சமிருந்தால் என் பெயரையும் சொல்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தா,
தையற்கார கரீமுல்லா

அக்கா, ஹபீபு எழுதுகிறேன். கடுதாசியை லஸ் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன், போடாமல் திரும்பி வந்துவிட்டேன். எனக்கு எல்லாம் தெரியும் அக்கா. வடிவேலு மாமா மறுநாளே சொல்லிவிட்டார், தெருவே பார்த்ததை எனக்கு மட்டும் மறைக்க முடியுமா. அத்தா தானாகச் சொல்லட்டும் என்று இருந்தேன், அவர் சொல்லாததால் அவருக்குக் கஷ்டம், அவர் என்னைத் தொடாததால் எனக்குக் கஷ்டம். கடைக்குள் வந்து பொத்தான் இழுக்கிற சட்டையைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு, புதுசா தைங்க, அளவெடுங்க என்று முன்னால் நின்றேன். முடியாதுடா என்றார். நான் நகரவில்லை. நாடாவை எடுத்தார், அது இரண்டு தரம் கீழே விழுந்தது. சுற்றிக் கொண்டுவந்து கட்டை விரலை என் நெஞ்சில் வைத்தவர், அளவைப் பார்க்காமல் அப்படியே நின்றுவிட்டார், எவ்வளவு நேரம் என்று தெரியாது, வாசலில் ஆள் வந்து நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை. எவ்வளவு அத்தா என்று நான்தான் கேட்டேன். முப்பத்துநாலு என்றார். போன ரம்ஜானுக்கு முப்பத்துமூன்று அக்கா. நம்பாமல் இன்னும் மூன்று தரம் அளந்து பார்த்தார்.